ஸ்கோர் போட்டால் மட்டும் என்ன மாறும்? அவசர வயிற்று அறுவைக்கு முன் ஆபத்தைக் கணிப்பது பற்றி

கேள்வி: ஜனவரி 12, மாலை 6:15

அறுவை சிகிச்சைத் துறையில் பயிற்சியில் இருக்கிறேன். நள்ளிரவில் குடல் ஓட்டையோடு ஒருவர் வந்து, தியேட்டருக்குப் போன் செய்தால் மயக்கவியல் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்கோர் போட்டாச்சா?" சரி, இறக்கும் அபாயம் 18 சதவீதம் என்று வருகிறது. ஆபரேஷனை விட்டுவிடப் போகிறோமா? திறக்காவிட்டால் நூறு சதவீதம் சாவு. சீனியர் கட்டிலருகே வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "இவர் தேறுவது கஷ்டம்" என்கிறார், பெரும்பாலும் அப்படியே நடக்கிறது. பிறகு எதற்கு இந்தக் கணக்கு? கேஸ் ஷீட்டில் ஒரு கட்டத்தை நிரப்பவா?

ஜனவரி 12, இரவு 9:50

போனில் அப்படிக் கேட்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். மயக்கவியல்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். கட்டத்தை நிரப்பத்தான் போடுகிறீர்கள் என்றால் போடவே வேண்டாம். ஆனால் ஸ்கோரை "திறக்கலாமா வேண்டாமா" என்ற ஒரே கேள்வியோடு கட்டிப்போடுவது ஏன்? பெரும்பாலான இரவுகளில் அந்தக் கேள்விக்கு விடை ஏற்கெனவே தெரியும். தெரியாதவை வேறு. தியேட்டரில் யார் நிற்க வேண்டும்? வீட்டில் தூங்குகிற சீனியரை எழுப்ப வேண்டுமா? ஆபரேஷன் முடிந்து விடிகாலை நாலு மணிக்கு நோயாளி வார்டுக்குப் போகிறாரா, ஐசியூவுக்கா? ரத்த அழுத்தத்தை விடாமல் பார்க்கத் தமனியில் போடும் குழாயை, ஆர்ட்டீரியல் லைனை, இப்போதே போடலாமா? வெளியே நிற்கும் மகனிடம் என்ன சொல்வது? ஸ்கோரின் வேலை இங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 டிசம்பரிலிருந்து நடக்கும் தேசிய அவசர லேப்ராட்டமி (வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை) தணிக்கையில், நெலா என்று சொல்வார்கள், கணித்த இறப்பு அபாயம் 5 சதவீதத்தைத் தொட்டாலே 'அதிக ஆபத்து'. சீனியர் அறுவை மருத்துவரும் சீனியர் மயக்கவியல் மருத்துவரும் நேரில் இருக்க வேண்டும், பிறகு தீவிர சிகிச்சைப் படுக்கை. உங்கள் 18 அந்த வரம்பைப் போல மூன்றரை மடங்கு.

ஜனவரி 12, இரவு 11:30

5 சதவீதம் ரொம்பக் குறைவான வரம்பாகத் தெரிகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். திட்டமிட்டுச் செய்யும் இதய பைபாஸில் இறப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான். அவர்கள் எல்லாருக்கும் ஐசியூ படுக்கை கேள்வியே இல்லாமல் கிடைக்கிறது. பிரிட்டனின் 35 மருத்துவமனைகளில் 1,853 அவசர லேப்ராட்டமி நோயாளிகளைக் கணக்கெடுத்த ஆய்வு 2012-இல் வந்தது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 14.9 சதவீதம், எண்பது வயதைத் தாண்டியவர்களில் 24.4. மருத்துவமனைக்கு மருத்துவமனை 3.6-இலிருந்து 41.7 வரை. சில இடங்களில் கேஸ் எண்ணிக்கையே குறைவு, அதனால் இரண்டு ஓரங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் பைபாஸுக்கு உள்ள மரியாதையில் பாதிகூட இந்த அறுவைக்கு ஏன் இல்லை? இரவில் வருவதாலா?

ஜனவரி 13, காலை 6:40

சீனியரின் கண் பற்றி. இதை லேசாகத் தள்ள முடியாது.

2020-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு: பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 274 மருத்துவமனைகள், 22,000-க்கும் மேற்பட்ட அறுவைகள். அவசர அறுவைகள் மட்டுமல்ல, திட்டமிட்டவையும் சேர்ந்த தொகுப்பு. அறுவைக்கு முன் மருத்துவரின் கணிப்பைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஸ்கோரையும் போட்டு, பிறகு யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்துவதில் மருத்துவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் அளவைச் சொல்லும்போது உள்ளதைவிட அதிகமாகச் சொன்னார்கள். கணிப்பையும் ஸ்கோரையும் சேர்த்தபோது இரண்டையும்விட நல்ல விடை வந்தது.

அதாவது உங்கள் சீனியர் சொல்வது தகவல்தான். ஆனால் அதை எழுதி வைக்க வேண்டும். "தேறுவது கஷ்டம்" என்பதை யாரும் பிறகு சரிபார்க்க முடியாது. பிழைத்தால் "நல்லா செஞ்சோம்", இறந்தால் "நான் அப்பவே சொன்னேன்". "25 சதவீதம் என்று நினைக்கிறேன்" என்று எழுதினால் வருடக் கடைசியில் உட்கார்ந்து பார்க்கலாம். எங்கள் துறையில் ஸ்கோருக்குப் பக்கத்தில் 'என் மதிப்பீடு' என்று ஒரு இடம் விட்டோம், ஸ்கோர் போடுவதற்கு முன்பே நிரப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதலில் எண்ணைப் பார்த்துவிட்டால் மனசு அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

இன்னொன்று. கண் இருக்கும் சீனியர் இரவு இரண்டு மணிக்குக் கட்டிலருகே இருக்கிறாரா? அங்கே இருப்பது நீங்கள்.

ஜனவரி 13, பிற்பகல் 2:20

ஸ்கோரை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு கேஸ், நான் உடனிருந்தது.

எழுபதைத் தாண்டிய அம்மா, பெருங்குடலில் ஓட்டை. நாடி 78, மேல் ரத்த அழுத்தம் 118. பி-பாஸம் என்ற ஆபத்து ஸ்கோரில் இந்த இரண்டும் மிகக் குறைந்த புள்ளி, தலா 1. பயிற்சி டாக்டர் நிம்மதியாக இருந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தால் முழங்கால் இரண்டும் கருநீலத் திட்டுத்திட்டாக, தொட்டால் சில்லென்று இருந்தன. நிமிடத்துக்கு 26 மூச்சு. சிறுநீர்க் குழாயில் மாட்டிய பையின் அடியில் கொஞ்சம், தேன் நிறத்தில். மாத்திரை டப்பாவில் மெட்டோப்ரோலால், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பி. பீட்டா தடுப்பி எடுப்பவரின் இதயம் ஓட வேண்டிய நேரத்தில் ஓடாது. 78 என்பது நல்ல செய்தியே அல்ல, மாத்திரை போட்ட மூடி. திசுக்களுக்கு ரத்தம் போதாவிட்டால் ஏறும் லாக்டேட்டை எடுத்தோம், 5-க்கு மேல்.

மூச்சு வேகத்துக்கு பி-பாஸத்தில் தனி இடம் கிடையாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கி 30-ஐத் தொட்டால்தான் வேகம் கணக்கில் வரும். 26 கணக்கில் சேராது. தோலின் திட்டுக்கும் அதில் இடமில்லை. ஸ்டீராய்டு எடுப்பவரின் வயிறு மெத்தென்று இருப்பதும், வயதானவருக்குக் காய்ச்சலே வராததும் இதே வகைதான். ஸ்கோருக்கு நாம் கொடுத்தது மட்டும்தான் தெரியும்.

ஜனவரி 14, இரவு 8:05

சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி பார்ப்பது. யூரியா. கணிப்பான்கள் பெரும்பாலும் மில்லிமோலில் கேட்கின்றன. பல ஆய்வகங்கள் மில்லிகிராமில் தருகின்றன. ரிப்போர்ட்டில் யூரியா 42 என்றால் அது மில்லிமோலில் 7, முற்றிலும் சாதாரணம். 42 என்றே தட்டினால் கணிப்பான் உச்சபட்சப் புள்ளி கொடுக்கும், ஏனென்றால் 15-க்கு மேல் எல்லாமே 8 புள்ளி. ஆறால் வகுங்கள். யூரியா நைட்ரஜன் என்று ரிப்போர்ட் வந்தால் அது இன்னொரு கணக்கு, 0.357-ஆல் பெருக்க வேண்டும். ஆபத்தைக் கணிப்பதை மேம்படுத்துவது பற்றி மாநாடு போடுவதற்கு முன், கணிப்பானுக்குப் பக்கத்தில் இந்த இரண்டு வரியை எழுதி ஒட்டுங்கள்.

ஜனவரி 15, மதியம் 1:10

இத்தனை ஸ்கோர் ஏன், ஒன்று போதாதா என்று கேள்வி. ஒவ்வொன்றும் முந்தையதன் குறையிலிருந்து பிறந்தது.

அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் ஏஎஸ்ஏ வகைப்பாடு 1941-இல் வந்தது. நோயாளியின் பொது உடல்நிலையைச் சொல்ல மட்டுமே அதை உருவாக்கினார்கள், அறுவையின் ஆபத்தைக் கணிக்க அல்ல. அவசரம் என்றால் பின்னால் ஓர் 'ஈ' சேரும். ஒரே நோயாளிக்கு நான் 3 போடுவேன், பக்கத்து தியேட்டரில் 4 போடுவார்கள்.

1991-இல் கோப்லாண்டும் சகாக்களும் பாஸம் கொண்டுவந்தார்கள். உடல்நிலைக்கு 12 அளவுகள், அறுவைக்கு 6. அந்தச் சூத்திரம் தரக்கூடிய மிகக் குறைந்த இறப்பு அபாயமே 1.08 சதவீதம். ஆரோக்கியமான இளைஞருக்குச் சின்ன அறுவை செய்தாலும் நூற்றில் ஒருவர் இறப்பார் என்று சொல்லும் கணக்கு. போர்ட்ஸ்மத் குழு அதைத் திருத்தியது, அதுதான் பி-பாஸம், 1998. அதிலும் எழுபதுக்கு மேல் எல்லா வயதுக்கும் ஒரே புள்ளி. 71 வயதுக்காரரும் 94 வயதுக்காரரும் ஒன்று. இரண்டு பேருக்கும் மயக்கம் கொடுத்தவர்கள் சிரிப்பார்கள்.

இன்னும் பெரிய வேடிக்கை அந்த ஆறு அறுவை அளவுகள். எவ்வளவு ரத்தம் போகும், வயிற்றுக்குள் சீழா மலமா, புற்றுநோயா? வயிற்றைத் திறப்பதற்கு முன் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஊகம்தான். வயிற்றுக்குள் பரவிய மலம் அல்லது சீழ் என்று போட்டால் 8 புள்ளி, லேசான நீர் என்றால் 2. இந்த ஒரு ஊகமே விடையைப் புரட்டிப்போடும். சிடி ஸ்கேன் கையில் இருந்தால் ஊகம் கொஞ்சம் தேறும்.

நெலா தரவிலிருந்து 2018-இல் தனிக் கணிப்பு மாதிரி வந்தது, லேப்ராட்டமிக்கென்றே. பி-பாஸம் உயர் ஆபத்துப் பகுதியில் மிகையாகச் சொல்வதை இது பெருமளவு சரிசெய்தது. கையில் இருந்தால் இதையே போடுங்கள். பி-பாஸத்தில் 40 வந்தால் நான் இப்போதெல்லாம் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஜனவரி 15, இரவு 11:45

'எந்த நேரத்து அளவைப் போடுவது?' நல்ல கேள்வி.

வந்தபோது நாடி 130, அழுத்தம் 84. இரண்டு லிட்டர் திரவமும் ஆன்டிபயாட்டிக்கும் போன பிறகு 104, 112. முதல் அளவைப் போட்டால் ஆபத்து மலைபோல, இரண்டாவதைப் போட்டால் பாதியாகிறது. பொதுவாகச் சொல்லப்படுவது, அறுவைக்கு முந்தைய கடைசி அளவுகள். மாதிரிகளும் ஏறக்குறைய அந்தத் தரவிலிருந்து உருவானவை.

ஆனால் எனக்கு ஒரு தயக்கம். திரவம் கொடுத்துத் தேறியவரும் முதலிலிருந்தே 104-இல் இருந்தவரும் ஒரே ஆளா? கட்டிலருகே நிற்கும்போது ஒரே ஆளாகத் தெரிவதில்லை. அதனால் வந்ததும் ஒரு தடவை, தியேட்டருக்குள் போகும் முன் ஒரு தடவை என்று இரண்டையும் குறிக்கிறோம். முதல் எண் ஆட்களை எழுப்ப. இரண்டாவது எண் படுக்கைக்கு. இரண்டுக்கும் நடுவில் எண் இறங்கவே இல்லை என்றால் அதுவே தனிச் செய்தி.

ஆபரேஷன் முடியும்போது மூன்றாவது தடவை. அப்போது ரத்தமும் சீழும் ஊகம் அல்ல, கண்ணால் பார்த்தது. நெலாவும் அறுவை முடிவில் மறுபடி மதிப்பிடச் சொல்கிறது. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தையல் போட்டு முடிந்ததும் எல்லாருக்கும் வீட்டு ஞாபகம்.

ஜனவரி 17, காலை 10:30

முந்தின குறிப்புகளில் இல்லாத முக்கியமான ஒன்று: உடல் தளர்ச்சி. வயது வேறு, தளர்ச்சி வேறு.

ராக்வுட் குழுவின் மருத்துவத் தளர்ச்சி அளவுகோல், கனடாவிலிருந்து 2005-இல் வந்தது. இப்போது 1 முதல் 9 வரை. 4 என்றால் பிறர் உதவி தேவையில்லை, ஆனால் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறார். 5 என்றால் பணக் கணக்கு, வெளியே போய்வருவது, கனமான வீட்டு வேலை இவற்றுக்கு ஆள் வேண்டும். 6-இல் குளிக்கவும் உதவி தேவைப்படலாம். 7-இல் எல்லாத் தனிப்பட்ட வேலைக்கும் பிறர். பிரிட்டனில் 65-ஐத் தாண்டிய லேப்ராட்டமி நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 5 அல்லது அதற்கு மேல். வயதைக் கணக்கில் எடுத்த பிறகும் தளர்ச்சி தனியாகவே இறப்பைக் கூட்டியது. அந்த 2018 நெலா மாதிரியில் இது இல்லை.

போடும்போது எங்கே தப்பு நடக்கிறது என்றால், எமர்ஜென்சி ட்ராலியில் படுத்திருப்பவரைப் பார்த்துப் போடுகிறார்கள். குடலில் ஓட்டையோடு மூன்று நாள் வாந்தி எடுத்தவர் யாராக இருந்தாலும் 7 போலத்தான் தெரிவார். அளவுகோல் கேட்பது இரண்டு வாரத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதை.

"நல்லா இருந்தாரா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்தார்" என்று பதில் வரும், எல்லாருக்கும். அதனால் நான் கேட்பது: கடைசியாக அவர் தனியாக வெளியே போனது எப்போது? மாடி ஏறுவாரா, நடுவில் நிற்பாரா? மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? குளியலறையில் யாராவது கூட நிற்கிறார்களா? நாலு கேள்வி, இரண்டு நிமிடம். ஒரு தடவை மகன் "அப்பா எல்லாம் தானே செய்வார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மருமகள் பின்னாலிருந்து தலையை ஆட்டினார். கேட்டதில் ஆறு மாதமாக அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதே மருமகள்தான். கூட வந்தவர்களில் யார் உடனிருந்து பார்த்துக்கொள்கிறாரோ அவரைக் கேளுங்கள். முன்னால் வந்து நிற்பவர் பெரும்பாலும் அவராக இருக்க மாட்டார்.

ஜனவரி 17, மாலை 4:00

பெரிட்டோனிட்டிஸுக்கு, அதாவது வயிற்று உள்ளுறையின் அழற்சிக்கு, மான்ஹைம் குறியீடு பற்றிக் கேட்டவருக்கு: 1980-களின் ஜெர்மன் ஸ்கோர், உச்சம் 47. அதில் பெண் என்பதற்கே 5 புள்ளி, ஐம்பது வயதைத் தாண்டியதற்கும் 5. எங்கள் துறைத் தலைவி இதைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் வயிற்று வலியே இல்லாம 10 வாங்கிட்டேன்" என்றார். எளிமையானதுதான், ஆனால் சீழின் தன்மை தெரிய வயிற்றைத் திறந்தாக வேண்டும். முன்கூட்டிக் கணிக்க உதவாது. பெப்டிக் அல்சர் ஓட்டைக்கு மட்டும் என்றால் போயி ஸ்கோர் விரலிலேயே எண்ணிவிடலாம்: ஷாக் (ரத்த அழுத்தம் சரிந்த நிலை), பெரிய உடன்நோய், 24 மணி நேரத்துக்கு மேல் தாமதம்.

ஜனவரி 19, இரவு 10:15

தாமதம் என்றதும் ஞாபகம் வந்தது. "ஸ்கோர் போடுவதால் நேரம் வீணாகிறது" என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

டென்மார்க்கில் அல்சர் ஓட்டை நோயாளிகளின் தரவைப் பார்த்தபோது, மருத்துவமனைக்குள் வந்த பிறகு ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 2.4 சதவீதம் குறைந்தது. ஸ்கோர் போடுவது மூன்று நிமிடம். வார்டில் ஸ்கேனுக்காக, ரத்த முடிவுக்காக, கையெழுத்துக்காகக் காத்திருக்கும் மணி நேரங்களில் அதைப் போடலாம். நேரம் போவது அதில் அல்ல, அடுத்த ஆளின் போன் எங்கேஜ்டாக இருப்பதில்.

இதே டென்மார்க்கில் ஒரு மருத்துவமனையில், அவசர வயிற்று அறுவைக்கு வருபவர்கள் எல்லாரையும் ஒரே பாதையில் கொண்டுபோனார்கள்: உடனே ஆன்டிபயாட்டிக், சீனியர், ஸ்கேன், ஆறு மணி நேரத்துக்குள் அறுவை, பிறகு தீவிரக் கண்காணிப்பு. முப்பது நாள் இறப்பு 21.8-இலிருந்து 15.5 சதவீதத்துக்கு இறங்கியது. முன்பு, பின்பு என்று ஒப்பிட்டதுதான், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்த ஆய்வு அல்ல.

பிரிட்டனில் இதையே பெரிதாக முயன்றார்கள், எபோக் என்று பெயர், 93 மருத்துவமனைகள், 2019-இல் முடிவு. 90 நாள் இறப்பில் மாற்றமே இல்லை, இரண்டு பக்கமும் 16 சதவீதம். ஏன்? 37 அம்சங்கள் கொண்ட பட்டியலைக் கையில் கொடுத்தால் ஒவ்வொரு இடமும் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளும். என் அபிப்பிராயம் இது: ஸ்கோர் ஒரு தூண்டுதல். எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தால் அது வேலை செய்யும். 5-ஐத் தொட்டால் யாருக்குப் போன், 10-ஐத் தாண்டினால் எந்தப் படுக்கை என்பதை இரவு இரண்டு மணிக்கு யாரும் விவாதிக்கக் கூடாது. அது இல்லாமல் சூத்திரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் நீங்கள் சொன்ன கட்டம் நிரப்புதல்தான் மிஞ்சும்.

ஜனவரி 21, காலை 7:20

குடும்பத்திடம் எண்ணைச் சொல்லலாமா?

சொல்கிறேன். ஆனால் "12.7 சதவீதம்" என்று சொல்வதில்லை. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 7-க்கு ஒரு அர்த்தமும் இல்லை. "இந்த நிலையில் வருகிற நூறு பேரில் பத்துப் பதினைந்து பேர் ஒரு மாதம் தாண்டுவதில்லை" என்கிறேன். பிறகு கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அந்த அமைதியில்தான் உண்மையான கேள்வி வரும்.

அது பெரும்பாலும் சாவைப் பற்றி இருப்பதில்லை. "பழையபடி நடப்பாரா?" "பை வைப்பீங்களா?" "எத்தனை நாள் மெஷின்ல?" இந்த எந்தக் கேள்விக்கும் நம் ஸ்கோரில் பதில் கிடையாது. மாதிரிகள் பெரும்பாலும் முப்பது நாள் உயிரைத்தான் எண்ணுகின்றன. வென்டிலேட்டரில் 31-ஆம் நாள் இருப்பவரும், 31-ஆம் நாள் தன் காலில் நடந்து வீட்டுக்குப் போனவரும் அவற்றுக்கு ஒன்று. இங்கே தளர்ச்சி அளவு அதிகம் உதவுகிறது. 6-இல் இருந்தவர் அறுவைக்குப் பின் 4-க்கு வரப் போவதில்லை என்பதைத் தயங்காமல் சொல்லலாம்.

நோயாளி விழித்திருந்தால் அவரிடமே பேசுங்கள். கட்டிலைச் சுற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதை நிறையப் பார்த்தாயிற்று.

ஜனவரி 23, இரவு 9:00

"அது அந்த ஊர் ஸ்கோர், இங்கே பொருந்துமா?" இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும். பத்து நிமிடம் முன்னால் ஓடும் கடிகாரம் நேரத்தைத் தவறாகச் சொன்னாலும் எது முன், எது பின் என்பதைச் சரியாகத்தான் சொல்லும். ஸ்கோரும் அப்படி இருக்கலாம்: யாருக்கு ஆபத்து அதிகம் என்பது சரி, எவ்வளவு என்பது தப்பு. முதலாவது பெரும்பாலும் ஊர் தாண்டியும் நிற்கிறது. இரண்டாவது இடத்துக்கு இடம் மாறும்.

58 நாடுகளில் 10,745 பேரை வைத்து 2014-இல் தரவு திரட்டிய குளோபல்சர்ஜ் ஆய்வில், நோயாளிகளின் நிலையைச் சமன்செய்த பிறகும், மனித மேம்பாட்டுக் குறியீட்டில் பின்தங்கிய நாடுகளில் அவசர வயிற்று அறுவைக்குப் பின் இறப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே ஒரு நாட்டின் எண்ணை அப்படியே இன்னொரு நாட்டில் குடும்பத்திடம் சொன்னால் ஏமாற்றுகிறோம். தீர்வு எளிது, சலிப்பானது: உங்கள் நோயாளிகளுக்குக் கணித்தது எத்தனை, நடந்தது எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கணித்த சதவீதங்களைக் கூட்டினால் எத்தனை இறப்பு வர வேண்டும் என்று தெரியும். நடந்ததோடு ஒப்பிடுங்கள். கேஸ் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஜனவரி 26, மதியம் 3:30

முதல் கேள்விக்கே திரும்புகிறேன். "திறக்காவிட்டால் நூறு சதவீதம்." மலம் கசியும் ஓட்டைக்கு ஏறக்குறைய சரி. குடல் ஒட்டுத்திசுவால் சிக்கி வரும் அடைப்புக்குச் சரியல்ல. கணிசமானவர்கள் மூக்குக் குழாயும் திரவமுமாகத் தேறிவிடுகிறார்கள். சின்ன அல்சர் ஓட்டை தானே மூடிக்கொள்வதும் உண்டு.

இதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. நாம் பேசிய எல்லா மாதிரியும் அறுவை செய்தவர்களின் தரவிலிருந்து பிறந்தது. "இவருக்கு வேண்டாம்" என்று யாரோ முடிவெடுத்தவர்கள் அதில் இல்லவே இல்லை. 95 வயது, தளர்ச்சி 8 என்று ஒருவருக்குக் கணிப்பான் 35 சதவீதம் என்றால், அது யாருடைய 35? அந்த நிலையிலும் திறக்கலாம் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருடையது. மற்றவர்கள் கணக்குக்கு வெளியே. அறுவை செய்யாதவர்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற பேச்சு இப்போது வலுக்கிறது. சரியான பேச்சு. அதுவரை, உச்சியில் வரும் எண்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், ஜனவரி 15-இல் சொன்ன காரணத்தோடு இதுவும் சேர்த்து.

திறப்பதில்லை என்று முடிவானால் அதற்கும் திட்டம் வேண்டும்: வலிக்கு மருந்து, வாந்திக்கு மருந்து, யார் எப்போது வந்து பார்ப்பார்கள். "ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு நகர்வதை நான் மன்னிப்பதில்லை.

ஜனவரி 28, இரவு 10:40

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று ஒரு நண்பர். இருக்கலாம். அதற்கு முன் கையில் இருப்பதைப் பயன்படுத்தலாமே. ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் லாக்டேட்டும் பி-பாஸத்தில் கிடையாது, இரண்டுமே இறப்போடு நன்றாகத் தொடர்புள்ளவை, இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனை. எப்படியும் எடுக்கும் சிடியில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம். ஸ்கேன் பார்ப்பவரிடம் "தசை ரொம்ப ஒல்லியா?" என்று கேட்டாலே ஒரு பதில் கிடைக்கும். எந்த இயந்திரமும் யூரியாவின் அலகைத் தப்பாகத் தட்டினால் தப்பாகத்தான் சொல்லும். நெலாவின் முதல் அறிக்கையில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் அறுவைக்கு முன் ஆபத்து எழுதப்பட்டிருந்தது. பிந்தைய அறிக்கைகளில் ஐந்தில் நாலு பேருக்கு மேல். அந்த வருடங்களில் இறப்பும் 11 சதவீதத்திலிருந்து 9-ஐ ஒட்டி வந்தது. இது அதனால்தான் என்று சொல்ல மாட்டேன், பல விஷயம் சேர்ந்து மாறியது. ஆனால் அப்போது போட்ட சூத்திரம் ஒன்றும் இயந்திரம் எழுதியதல்ல.

பிப்ரவரி 2, காலை 6:10

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "நேற்று இரவு ஒருவருக்கு 4.8 வந்தது. வரம்பு 5. சீனியரை எழுப்பவில்லை. சரியா?"

4.8-க்கும் 5.2-க்கும் நடுவில் இருப்பது ஒரு நாடித்துடிப்பை எந்த நிமிடத்தில் எண்ணினீர்கள் என்பது மட்டும்தான். எழுப்பியிருக்கலாம். திட்டுவார், திட்டட்டும். அவருடைய வயது, தளர்ச்சி எண், மாத்திரைப் பட்டியல் மூன்றையும் நீங்கள் எழுதவில்லை. பீட்டா தடுப்பி எடுக்கிறாரா? திரவம் போன பிறகு லாக்டேட் மறுபடி எடுத்தீர்களா? ஆபரேஷன் முடிந்ததும் மறுபடி போட்டீர்களா, அப்போது எவ்வளவு வந்தது? இப்போது அவர் வார்டில் இருந்தால் இந்தப் பதிலைப் படிப்பதை விட்டுவிட்டு, முதலில் போய் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிவிட்டு வாருங்கள்.